பள்ளிச் சிறுவர் செய்யும் தராசு

ஆரம்பப் பாடசாலையில் விஞ்ஞானம் என்பது பல ஊர்களில் புத்தகத்தைப் படித்து ஒப்புவிக்கும் பாடமாகவே இருந்துவருகிறது. கையால் ஒன்றைச் செய்து, அது அவ்வாறு நடப்பதன் காரணத்தை ஆராய்வதை வெறும் விளையாட்டெனப் பெற்றோர் கருதுவதுண்டு. 1937-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் வார்தாவில் காந்தியடிகள் தலைமையில் கூடிய கல்வி மாநாடு, கைத்தொழிலைக் கல்விக்கு நடுநாயகமாக வைக்கவேண்டுமென்று தீர்மானித்தது. அக்கருத்து நாடெங்கும் வேரூன்றவில்லையாயினும், அதன் பிரயோஜனத்தை ஒரே ஒரு பொருளைக்கொண்டு சோதித்தறியலாம். அப்பொருள் தராசு. விளைபொருளை விற்கும் குடியானவனின் லாப நஷ்டம் கடைசியில் அதன் முள்ளிலேயே நிற்கிறது.

நான்காம், ஐந்தாம் வகுப்புச் சிறுவர் ஒரு பிற்பகலில் இதனைச் செய்து முடிக்கலாம். நேரான மூங்கிற் சட்டம் ஒன்று, ஒரே அளவான கொட்டாங்கச்சி இரண்டு, சணல் நூல், ஆணி ஆகியவை போதும். துளையிடும் வேலையை உபாத்தியாயரே செய்தல் நலம். காய்ச்சிய ஆணியைச் சிறுவர் கையில் கொடுக்கலாகாது. சட்டத்தின் நடுவில், மேல்விளிம்பை யொட்டித் துளையிட்டு ஆணியைச் செருகித் தொங்கவிடவேண்டும். அதிலிருந்து இருபுறமும் 25 சென்டிமீட்டர் தூரத்தில் பள்ளம் வெட்டித் தட்டுகளைக் கட்டவேண்டும். மேல்விளிம்பு எதற்காக என்று சிறுவர் கேட்பார்கள். வேறொரு வெறுங்கோலில் கீழ்விளிம்பை யொட்டித் துளையிட்டுக் காட்டினால், அது நிலைகொள்ளாமல் கவிழ்வதைக் கண்டு தாங்களே விடை கூறுவர்.

இனி முக்கியமான சோதனை. தட்டுகளின் இடத்தை மாற்றாமல், தொங்கும் துளையை மட்டும் ஒரு சென்டிமீட்டர் தள்ளி அமைக்கவேண்டும். ஒரு கை 24 சென்டிமீட்டரும் மற்றது 26 சென்டிமீட்டருமாகும். கோல் நீண்ட பக்கம் சாயும். குறுகிய பக்கத்துத் தட்டின் அடியில் சிறிது களிமண் ஒட்டினால் மீண்டும் சமநிலைக்கு வரும். பார்ப்பவருக்கு அது குற்றமற்ற தராசே! இப்பொழுது குறுகிய பக்கத்தில் ஒரே வகை நாணயங்கள் 13-ம், நீண்ட பக்கத்தில் 12-ம் வைத்தால் கோல் சமமாக நிற்கும். பதின்மூன்றை இருபத்துநான்காலும், பன்னிரண்டை இருபத்தாறாலும் பெருக்கினால் இரண்டும் 312 ஆவதே காரணம். தூக்கும் பாரத்தோடு தூரமும் சேர்ந்தே வேலை செய்கிறது.

இதனைச் சந்தைக்குக் கொண்டுபோய்ப் பார்த்தால் விஷயத்தின் கடுமை விளங்கும். அத்தகைய தராசில் குறுகிய பக்கத்தில் நிலக்கடலையை வைத்து நிறுத்தால், குடியானவன் 13 மூட்டை கொடுத்து 12 மூட்டைக்கே பணம் பெறுவான். படிக்கல்லில் அரசாங்க முத்திரை இருந்தும், வெறுந்தராசு நேராக நின்றும், ஒரு மூட்டை போய்விடும். ஏமாறாதிருக்க வழி எளிது: சரக்கையும் படிக்கல்லையும் தட்டு மாற்றி வைக்கவேண்டும். நேர்மையான தராசு அப்போதும் சமமாக நிற்கும். கோணல் தராசு உடனே சாய்ந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும். மாற்றி வைக்க மறுக்கும் வியாபாரியிடம் எச்சரிக்கையாக இருத்தல் தகும்.

கோணல் தராசிலும் மெய்யான எடையை அறியலாம். ஒரு தட்டில் சரக்கை வைத்து, மறு தட்டில் மணலிட்டுச் சமன் செய்க. பிறகு சரக்கை எடுத்துவிட்டு அதே தட்டில் படிக்கற்களை வைத்து, மீண்டும் சமமாகும்வரை சேர்த்துவந்தால் அக்கற்களின் எடையே சரக்கின் எடை.

படிக்கல் இல்லாத பாடசாலைக்குத் தண்ணீர் இருக்கிறது. ஒரு லிட்டர் நீரின் எடை, அன்றாட வேலைக்குப் போதிய திருத்தத்துடன், ஒரு கிலோகிராம். ஒரே எடையுள்ள இரு கிண்ணங்களை இரு தட்டிலும் வைத்து, ஒன்றில் 100 மில்லிலிட்டர் நீரும் மற்றதில் துணிப்பையோடு மணலும் இட்டுச் சமன்செய்தால் 100 கிராம் எடைப்பை கிடைக்கும். மின்தராசு வந்துவிட்ட இடங்களிலும் தண்ணீர் உதவும். வெறும் பாத்திரத்தை நிறுத்துவிட்டு, அதில் பத்து லிட்டர் நீரை அளந்து ஊற்றினால் எண் பத்துக் கிலோகிராம் ஏறவேண்டும்.

சிறுவர் செய்த எடைப்பைகள் எவ்வளவு சரியென்று பார்க்க, முத்திரையிட்ட எடைக்கற்கள் சில வேண்டியிருக்கும். அவற்றைப் பாடசாலை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. சங்கக் கிடங்கில் உள்ளவற்றை நிறுவை இல்லாத நாளில் ஒரு மணி நேரம் கொடுத்தனுப்பினால் போதுமானது. திரும்பி வரும்போது எண்ணி வாங்கிக்கொள்ளலாம்.