கையுறை தருவது தர்மமல்ல, சட்டம்!



"பம்பும் மருந்தும் குடுப்போம், கையுறை, முகமூடி வேணும்னா நீங்களே வாங்கிக்குங்க." பெரட்டில் இப்படிச் சொல்லும் தோட்டங்கள் உண்டு. நம் பெண்களும் பழைய சேலைத் துணியை மூக்கில் கட்டிக்கொண்டு மருந்தடிக்கப் போய்விடுகிறார்கள். சிலர் கைக்காசு போட்டு வாங்குகிறார்கள். இரண்டும் கூடாது.

1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், 15ஆவது பிரிவு: ஆபத்தில்லாத வேலைமுறை, பயிற்சி, மேற்பார்வை எல்லாம் முதலாளியின் கடமை. 26ஆவது பிரிவு: சட்டப்படி கொடுக்க வேண்டிய பொருளுக்குத் தொழிலாளியிடம் ஒரு காசும் வாங்கக்கூடாது; சம்பளத்தில் பிடிக்கவும் கூடாது. கடமை தவறும் முதலாளிக்கு முன்பு 50,000 வெள்ளி வரை அபராதம். 2024 ஜூன் 1 முதல் 500,000 வெள்ளி வரை. இரண்டாண்டு வரை சிறையும் உண்டு.

"அவங்க காண்ட்ராக்ட் ஆளுங்க" என்று தட்டிக் கழிக்க முடியாது. தோட்டத்தின் கட்டுப்பாட்டில் உள்ள வேலை என்றால் காண்ட்ராக்டரின் ஆளுக்கும் தோட்டம் பொறுப்பு. இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளிக்கும் இதே சட்டம்தான்.

"பாராகுவாட்டைத்தான் 2020லேயே தடை பண்ணிட்டாங்களே, இனி என்ன பயம்?" என்கிறார்கள் சிலர். மற்ற களைக்கொல்லிகளும் தண்ணீரல்ல. டின்னில் ஒட்டியுள்ள எச்சரிக்கையை நமக்குப் புரியும் மொழியில் சொல்லச் சொல்லுங்கள்.

நமக்கும் கடமை உண்டு. கொடுத்த கையுறையை, "வெயிலு தாங்கல" என்று மரத்தடியில் கழற்றி வைத்தால் 24ஆவது பிரிவு நம்மீது பாயும். 2,000 வெள்ளி வரை அபராதம்.

உயிருக்கு உடனடி ஆபத்து என்று நம்பக் காரணமிருந்து, சொல்லியும் நிர்வாகம் சரிசெய்யாவிட்டால், அந்த இடத்தை விட்டு விலகும் உரிமையைத் திருத்தச் சட்டம் தந்திருக்கிறது. பாதுகாப்பு பற்றிப் புகார் செய்ததற்காக வேலையை விட்டு நிறுத்துவதும் குற்றம்.

40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தோட்டத்தில் பாதுகாப்புக் குழு கட்டாயம். அதில் நம் பிரதிநிதிகளும் இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் நிர்வாகம் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். "சின்னக் காயந்தானே" என்று விட்டுவிடாதீர்கள்.

உங்கள் தோட்டத்தில் குழு இருக்கிறதா? கிராணியிடம் கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள், நாலு பேராகப் போங்கள். கேட்ட தேதியையும் கிடைத்த பதிலையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பதில் இல்லையென்றால் அந்த நோட்டோடு சங்கத்துக்கு வாருங்கள். மற்றதை நாம் சேர்ந்து பார்ப்போம்.