கலர் ஃபிலிம் ரோலை வெளிநாட்டுக்கு அனுப்பப் போறீங்களா? முதல்ல டெவலப் பண்ணிடுங்க!

ஓசூர் சந்திரசூடேஸ்வரர் மலையை கலர் ஃபிலிமில் எடுத்து, வெளிநாட்டு போட்டோகிராஃபர் நண்பருக்குக் காட்டணுமா? ரோலை அப்படியே பார்சலில் போடாதீங்க.

ஏன்? டெவலப் செய்யாத ஃபிலிம் எக்ஸ்ரேயையும் ஒளி மாதிரியே பதிவு செய்யும். பார்சல் ஸ்கேனரில் படங்கள் மங்கிப்போகலாம். ஐ.எஸ்.ஓ. 800, அதற்கு மேல் என்றால் ஆபத்து அதிகம். டெவலப் செய்த நெகட்டிவுக்கு இந்தப் பயம் இல்லை.

முன்பு எப்படி? இந்தியாவை கலரில் பதிவு செய்த ரகுபீர் சிங் (1942-1999) பயன்படுத்திய கோடாக்ரோம் ஃபிலிமை சிறப்பு லேப்களில்தான் டெவலப் செய்ய முடியும். அமெரிக்காவின் கான்சஸில் இருந்த கடைசி லேபும் 2010 டிசம்பரில் ரோல் வாங்குவதை நிறுத்தியது.

இப்போது? சாதாரண கலர் நெகட்டிவுக்கு சி-41 முறை போதும். டெவலப்பரில் சுமார் 38 டிகிரி செல்சியஸ், 3 நிமிடம் 15 விநாடி. லேபில் கொடுத்து, ஸ்கேன் எடுத்து, ஃபைலை அனுப்புங்க. நெகட்டிவ் உங்ககிட்டயே இருக்கட்டும்!