பல்கலைக்கழக வாழ்வு: நட்புக்கும் உரிமை உண்டு, படிப்புக்கும் உரிமை உண்டு

இசட் புள்ளியின் வெட்டுப்புள்ளியைத் தாண்டி பல்கலைக்கழகம் நுழையும் நம் பிள்ளைகளுக்கு முதலில் கிடைப்பது சுதந்திரம். சுபஹுக்கு எழுப்ப உம்மா இல்லை. டியூஷனுக்கு அனுப்ப வாப்பா இல்லை. நாளொன்றுக்கு இரண்டு மூன்று மணித்தியால விரிவுரைதான். எஞ்சியதெல்லாம் ஓய்வு நேரம் என்றே தோன்றும். சறுக்கல் இங்குதான் ஆரம்பமாகிறது.

உண்மைக் கணக்கு வேறு. இலங்கைத் தகைமைக் கட்டமைப்பின்படி ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியாலக் கற்றல். 3 கிரெடிட் பாடமொன்றுக்கு 150 மணித்தியாலம். அதில் விரிவுரை பொதுவாக 45 மட்டுமே. மிகுதி 105 மணித்தியாலம் நூலகத்துக்கும் ஒப்படைக்கும் சுயகற்றலுக்கும் உரியது. 15 வாரப் பருவமொன்றில் இத்தகைய 5 பாடங்கள் என்றால், வாரத்துக்கு விரிவுரை 15, சுயகற்றல் 35, ஆக 50 மணித்தியாலம்.

வாரத்தில் இருப்பதோ 168 மணித்தியாலம். படிப்புக்கு 50, உறக்கத்துக்கு 49 போக 69 மிஞ்சுகிறது. தொழுகை, சாப்பாடு, வீட்டாருடன் பேச்சு, விளையாட்டு, முஸ்லிம் மஜ்லிஸ் பணி, நட்பு அனைத்துக்கும் இதில் இடமுண்டு. ஆகவே நேரம் போதவில்லை என்பதை விட, படிப்பின் 35 மணித்தியாலத்தை கென்டீனும் கைபேசியும் எடுத்துக்கொள்கின்றன என்பதே சரி.

அதற்காக அறைக் கதவை மூடிக்கொள்வதும் தீர்வல்ல. மொழிவாரிப் பாடசாலைகளில் படித்த நம்மவர் பலர், சிங்கள, தமிழ் மாணவருடன் ஒரே கூரையின் கீழ் வாழ்வது பல்கலைக்கழக விடுதியில்தான். இஸ்லாத்தை அவர்கள் அறிவது நம் நடத்தையிலிருந்தே. அந்த நட்பு வீண் பொழுதல்ல.

அபூதர்தா (ரழி) அவர்கள் பகலில் நோன்பு, இரவில் வணக்கம் என்றிருந்து குடும்பத்தைக் கவனிக்காதபோது, இறைவனுக்கும் உடலுக்கும் குடும்பத்துக்கும் உரிய உரிமைகளைக் கொடுக்குமாறு ஸல்மான் (ரழி) அறிவுறுத்தினார்கள். நபி (ஸல்) அவர்கள் அதைச் சரியென ஏற்றார்கள். புகாரியில் பதிவான சம்பவம் இது. வணக்கமே பிறர் உரிமையை விழுங்கக் கூடாதென்றால், நள்ளிரவு தாண்டிய அரட்டையை என்னவென்பது?

நடைமுறையில் சில விடயங்கள் உதவும்:

- ஐவேளைத் தொழுகையைத் தூண்களாக வைத்து நேரசூசி அமையுங்கள். கடினமான வாசிப்பு சுபஹுக்குப் பின்.
- இரு விரிவுரைகளுக்கு இடைப்பட்ட நேரம் நூலகத்துக்கு.
- ஒன்றிரண்டு சங்கங்களில் மட்டும் பொறுப்பேற்று, அதை முழுமையாகச் செய்யுங்கள். பரீட்சை நெருங்கும்போது பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளுங்கள்.
- “பட்ச்சில் ஒதுக்கிவிடுவார்கள்” என்ற அச்சத்தில் பகிடிவதைக்குத் துணைபோகாதீர்கள். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி அது குற்றம், மார்க்கத்தில் அநியாயம்.

நாம் அமரும் ஆசனம் மக்களின் வரிப்பணத்தில் உருவானது. சொற்ப புள்ளிகளால் அதை இழந்த இன்னொரு பிள்ளை ஊரில் இருக்கிறது. எனவே அது நம் கையிலுள்ள ஓர் அமானத். பட்டத்தோடு நல்ல நண்பர்களையும் சேர்த்துக்கொண்டு வீடு திரும்ப வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு அருள்புரிவானாக!