கைத்துப்பாக்கியின் டிரிக்கர் ஏன் கனக்கிறது?

2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் எங்கள் புதுக்கோட்டையைச் சேர்ந்த பிருதிவிராஜ் தொண்டைமான், பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும் போட்டியில் கலந்துகொண்டார். அதே ஒலிம்பிக்கில் கைத்துப்பாக்கிப் பிரிவில் மனு பாக்கர் இரண்டு வெண்கலப் பதக்கங்கள் பெற்றார். அவர் 10 மீட்டர், 25 மீட்டர் ஆகிய இரு வகைப் போட்டிகளிலும் பங்கேற்றவர். இவ்விரு போட்டிகளுக்கும் டிரிக்கரைப் பற்றி ஒரு விதி உண்டு. 10 மீட்டர் போட்டியில் டிரிக்கர் குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும். 25 மீட்டர் போட்டியில் 1000 கிராம். குழலை நிமிர்த்திப் பிடித்து, டிரிக்கரில் எடைக்கல்லைத் தொங்கவிட்டு நடுவர்கள் இதைச் சோதிக்கிறார்கள். கல் தரையை விட்டு எழும்பும் வரை டிரிக்கர் விடுபடக் கூடாது.

ஆனால் படையினரும் காவலரும் பயன்படுத்தும் 'இரட்டைச் செயல்' கைத்துப்பாக்கிகள் பலவற்றில், முதல் குண்டைச் சுட ஏறத்தாழ 5 கிலோ எடைக்குச் சமமான விசை தேவை. துப்பாக்கியின் எடையோ சுமார் 1 கிலோதான்! இந்தக் கனம் எங்கிருந்து வருகிறது? இதைக் குறைக்க முடியுமா? பள்ளியில் படித்த இயற்பியலே விடை சொல்லும்.

ஒரு விரல், இரு வேலைகள்

துப்பாக்கியின் பின்புறம் ஒரு சிறு சுத்தியல் இருக்கிறது. அதைப் பின்னுக்குத் தள்ளினால் ஒரு சுருள்வில் அமுங்குகிறது. சுத்தியலை ஒரு கொக்கி பிடித்து நிறுத்துகிறது. கொக்கி விலகியதும் வில் விரிந்து, சுத்தியல் முன்னே பாய்ந்து ஊசியைத் தட்டுகிறது. ஊசி தோட்டாவின் அடியிலுள்ள பிரைமர் என்னும் சிறு தொப்பியைக் குத்தித் தீப்பொறி எழுப்புகிறது.

'ஒற்றைச் செயல்' வகையில் டிரிக்கருக்கு ஒரே வேலை: கொக்கியை விலக்குவது. சுத்தியலை முன்பே வேறு வழியில் பின்னுக்குத் தள்ளி வைத்திருக்க வேண்டும். மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் தொழிற்சாலையில் உருவான 9 மி.மீ. கைத்துப்பாக்கி இவ்வகையே. 'இரட்டைச் செயல்' வகையில் டிரிக்கருக்கு இரு வேலைகள்: சுத்தியலைப் பின்னுக்குத் தள்ளுவது, பின் விடுவிப்பது. 1851இல் இலண்டன் நகரின் இராபர்ட் ஆடம்ஸ் டிரிக்கரை இழுத்தே சுத்தியலை ஏற்றும் சுழல் துப்பாக்கியைச் செய்தார். 1929இல் ஜெர்மனியின் வால்தர் நிறுவனம், தானே மறு தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் கைத்துப்பாக்கியில் இரட்டைச் செயல் முறையை வெற்றிகரமாகப் புகுத்தியது.

ஆற்றலின் வரவு செலவு

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் எடுத்துக்காட்டுக்காக எடுத்தவை. டிரிக்கர் 12 மி.மீ. பின்னே நகர்கிறது, விசை 30 நியூட்டனில் தொடங்கி 50 நியூட்டனில் முடிகிறது என்று கொள்வோம். சராசரி 40 நியூட்டன். வேலை என்பது விசை பெருக்கல் தொலைவு. ஆகவே 40 × 0.012 = 0.48 ஜூல், ஏறக்குறைய அரை ஜூல். 50 கிராம் எலுமிச்சம்பழம் ஒன்றை ஒரு மீட்டர் உயர்த்தத் தேவைப்படும் வேலை இவ்வளவுதான்! எனினும் அதை 12 மி.மீ. தொலைவுக்குள் முடிக்க வேண்டியிருப்பதால் விரலுக்குக் கனக்கிறது.

முதல் குண்டு வெளியேறியதும் நிலைமை மாறுகிறது. பின்னுதைப்பால் துப்பாக்கியின் மேற்பகுதி (ஸ்லைடு) பின்னே நழுவுகிறது. போகிற போக்கில் சுத்தியலையும் தள்ளிக் கொக்கியில் மாட்டிவிடுகிறது. 8 கிராம் எடையுள்ள குண்டு விநாடிக்கு 350 மீட்டர் வேகத்தில் பறந்தால் அதன் இயக்க ஆற்றல் 490 ஜூல். அதோடு ஒப்பிட்டால் சுத்தியலை ஏற்றும் அரை ஜூல் ஆயிரத்தில் ஒரு பங்கு. வெடிமருந்துக்கு இது பெரிய செலவன்று. ஆகவே இரண்டாம் குண்டுக்கு விரல் கொக்கியை விலக்கினால் போதும். 25 நியூட்டன் விசையில் 1 மி.மீ. நகர்ந்தால் வேலை 0.025 ஜூல், முன்னதில் இருபதில் ஒரு பங்கு.

முதல் இழுப்பு நீளமும் கனமும். அடுத்தது குறுகலும் இலேசும். இந்தத் திடீர் மாற்றமே சுடுபவரைத் தடுமாற வைக்கிறது.

ஒரு மில்லிமீட்டரின் விலை

கனமான இழுப்பால் என்ன கெடுதி? துப்பாக்கியின் எடையைப் போல் ஐந்து மடங்கு விசை செலுத்தும்போது குழல் சிறிது அசைகிறது. குறிபார்க்கும் முன், பின் முனைகளுக்கு இடையே 15 செ.மீ. தொலைவு என்போம். முன்முனை 1 மி.மீ. விலகினால், ஒத்த முக்கோணங்களின்படி 25 மீட்டரில் குண்டு சுமார் 17 செ.மீ. விலகிப் படும். 25 மீட்டர் போட்டியின் நிதானச் சுற்று இலக்கில் பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டமே 5 செ.மீ.தான்!

எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்க முடியாது?

நம் 0.48 ஜூலில் 0.36 ஜூல் வில்லில் சேர்கிறது, மீதி 0.12 ஜூல் உராய்வில் வெப்பமாகிறது என்று வைத்துக்கொள்வோம். உராயும் பரப்புகளை வழுவழுப்பாக்கி, எண்ணெய் இட்டு உராய்வைப் பாதியாக்கினால் மொத்த வேலை 0.42 ஜூல், சராசரி விசை 35 நியூட்டன். உராய்வே இல்லாத கற்பனைத் துப்பாக்கியிலும் 0.36 ஜூல் தேவை; அப்போதும் சராசரி விசை 30 நியூட்டன். வில்லும் டிரிக்கர் நகரும் தூரமும் மாறாத வரை, எத்தனை மெருகு ஏற்றினாலும் இந்த எல்லைக்குக் கீழே போக இயலாது.

ஆனால் மெருகால் வேறொரு நன்மை உண்டு. நிலை உராய்வு இயக்க உராய்வைவிட மிகுதி என்பதை அறிவோம். சொரசொரப்பான பாகங்கள் ஒட்டி நின்று, பின் திடீரென நழுவும். மழைக்காலத்தில் ஊறிய மேசை இழுப்பறை போல. திக்கித் திக்கி வரும் 4 கிலோ இழுப்பைவிட, சீராக வரும் 5 கிலோ இழுப்பே குறியைக் கெடுக்காது என்பது சுடுவோரின் அனுபவம்.

நெம்புகோலை மாற்றி விசையைக் குறைத்தால் டிரிக்கர் நகரும் தூரம் கூடும்; சிறிய கை உள்ளவருக்கு விரல் எட்டாது. வில்லைத் தளர்த்தினால் சுத்தியலின் அடி வலுவிழக்கும். சற்றே கெட்டியான பிரைமர் வெடிக்காமல் போகும். உயிர்காக்க வேண்டிய நேரத்தில் 'டிக்' என்ற ஒலி மட்டுமே கேட்கும். கொக்கியின் பிடிப்பை அரத்தால் தேய்த்துக் குறைத்தாலோ இன்னும் ஆபத்து. துப்பாக்கி கைதவறி விழுந்த அதிர்ச்சியிலேயே கொக்கி விலகக்கூடும்.

1982இல் ஆஸ்திரியப் படை ஏற்றுக்கொண்ட குளாக் துப்பாக்கி வேறு வழி கண்டது. இதில் சுத்தியல் இல்லை. வில்லுடன் கூடிய ஊசியே பாய்கிறது. ஸ்லைடு நகரும்போதே வில்லை ஓரளவு அமுக்கி வைத்துவிடும். எஞ்சியதை விரல் முடிக்கும். அதனால் ஒவ்வொரு இழுப்பும் ஒரே அளவு, சுமார் 2.5 கிலோ. ஆற்றல் இங்கே மிச்சமாகவில்லை. அதன் ஒரு பகுதியைத் தருவது யார் என்பதுதான் மாறியது.

கனமும் ஒரு காவல்

டிரிக்கரின் கனம் வெறும் தொல்லை அன்று. பதற்றத்தில் விரல் இறுகும்போதும், உறைக்குள் எதிலாவது சிக்கும்போதும், நீண்ட கனமான இழுப்பு ஒரு தடையாக நிற்கிறது. போட்டிக் களத்தில் துப்பாக்கி எந்நேரமும் இலக்கை நோக்கியே இருக்கும். அங்கே 500 கிராம் போதும். மக்கள் நடமாடும் தெருவில் போதாது.

குண்டு புறப்பட்ட பின் அதைத் திருப்பி அழைக்க முடியாது. 2021 டிசம்பரில் எங்கள் மாவட்டத்து நார்த்தாமலை அருகே, பயிற்சித் திடலிலிருந்து வந்த குண்டு தலையில் பாய்ந்து 11 வயதுச் சிறுவன் ஒருவன் சில நாட்களில் உயிரிழந்தான். அத்துயரம் டிரிக்கரின் கனத்தைப் பற்றியதன்று. ஆனால் ஒரு தவறிய குண்டின் விலை என்னவென்று எங்களுக்கு அது காட்டியது. உரிமமின்றித் துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதும் மாற்றுவதும் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி குற்றம். அதன் காரணமும் இதிலிருந்து விளங்கும்.

நீங்களே செய்து பாருங்கள்

மேசை இழுப்பறையின் பிடியில் வில் தராசை மாட்டி மெல்ல இழுங்கள். நகரத் தொடங்கும் கணத்தில் முள் எங்கே நின்றது, நகரும்போது எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இழுப்பறையின் ஓரங்களில் மெழுகு தேய்த்து மீண்டும் இழுங்கள். அடுத்ததாக, இழுப்பறையின் பின்புறத்தை ஒரு ரப்பர் வளையத்தால் மேசையுடன் பிணைத்து இழுங்கள். மெழுகு உராய்வைக் குறைக்கும். ரப்பர் கேட்கும் விசையைக் குறைக்குமா? அந்த விடையில்தான் டிரிக்கரின் இரகசியம் முழுவதும் அடங்கியிருக்கிறது.