ஜெரண்ட் தொடர்

ஆங்கில இலக்கணத்தில் ஜெரண்ட் தொடர் என்பது, 'இங்' ஈறு பெற்ற வினை தன் செயப்படுபொருளுடனோ அடைமொழியுடனோ கூடிப் பெயர்ச்சொல்லாக நிற்பதாகும். தமிழில் 'நூல்களைப் படித்தல்' போன்ற தொழிற்பெயர்த் தொடருக்கு இது இணையானது.

எடுத்துக்காட்டாக, 'ரீடிங் புக்ஸ் இஸ் யூஸ்ஃபுல்' என்னும் தொடரில் 'ரீடிங் புக்ஸ்' எழுவாயாகும். 'புக்ஸ்' பன்மையாயினும் எழுவாய் படித்தலாகிய ஒரு செயலே. ஆகவே 'ஆர்' வாராது, 'இஸ்' வரும். இங்கு மாணவர் தவறுவதுண்டு.

தொடரை நீக்கி 'இட்' என்று இட்டுப் பார்ப்பது நல்ல பயிற்சி. 'ஷி இஸ் ரீடிங் புக்ஸ்' என்பதில் அவ்வாறு இட்டால் பொருள் சிதையும். அங்கு 'ரீடிங்' வினையின் பகுதி. பழைய ஆங்கிலத்தில் இவ்விரண்டிற்கும் 'உங்', 'எண்டெ' என வெவ்வேறு ஈறுகள் இருந்தன. இடைக்கால ஆங்கிலத்தில் அவை ஒன்றானதே இக்குழப்பத்திற்குக் காரணம்.

சில வினைகளின் பின் ஜெரண்ட் வருவதும் 'டு' வருவதும் பொருளையே மாற்றும். 'ஹி ஸ்டாப்ட் ஸ்மோக்கிங்' என்றால் புகைப்பதை விட்டுவிட்டான். 'ஹி ஸ்டாப்ட் டு ஸ்மோக்' என்றால் புகைப்பதற்காக நின்றான்.