பலகைமேல் ஓர் இருப்புப்பாதை

மேனாடுகளில் முதியோரும் இளையோருமாகிய பலர், தம் ஓய்வு நேரத்தைப் புகைவண்டிப் பாதைகளைச் சிறிய அளவிற் சமைப்பதிற் செலவிடுகின்றனர். இதனைப் பொம்மை விளையாட்டென்று இகழ்வாரும் உளர். பொம்மை வண்டி வட்டமாகச் சுற்றுவதோடு அமையும். இஃதோ, மெய்யான இருப்புப்பாதை நாடோறும் யாது செய்கின்றதோ அதனையே ஒரு பலகையின்மேற் செய்ய முயல்வது. இம்முயற்சியிற் கடினமானது மரவேலையுமன்று, மின்சார வேலையுமன்று. எல்லாவற்றிற்கும் முன்னர்த் தாளில் வரையப்படும் பாதை வரைபடமே. அது பிழைபடின், எத்துணை அழகிய குன்றுகளும் வீடுகளும் அமைத்தாலும், ஒரு திங்களுக்குள் வண்டிக்கு வேலையொன்றும் இன்றிப் பலகை சுவரோரம் சாய்க்கப்படும். ஆதலின் அவ்வரைபடம் வகுக்கும் முறையை ஈண்டுச் சிறிது விளக்கப் புகுகின்றோம்.

முதற்கண் அளவைக் கூறுவோம். அமெரிக்காவில் மிகுதியும் வழங்குவது எச்.ஓ. என்னும் அளவு. மெய்ப்பொருளின் ஓரடி அதில் மூன்றரை மில்லிமீட்டராகச் சுருங்கும். அஃதாவது 87இல் ஒரு பங்கு. தண்டவாளங்களின் இடைவெளி 16.5 மில்லிமீட்டர். புதியோர் பெரும்பாலும் எட்டடி நீளமும் நான்கடி அகலமுமுள்ள பிளைவுட் பலகையில் தொடங்குவர். கடையில் அப்பலகை அவ்வளவில் விற்கப்படுகின்றது என்பதைத் தவிர இதற்கு வேறு சிறந்த காரணம் எமக்குப் புலப்படவில்லை. எட்டடியை 87ஆற் பெருக்கின் 696 அடி வரும். 85 அடி நீளமுள்ள பிரயாணிப் பெட்டி இவ்வளவில் ஏறக்குறைய ஓரடி இருக்கும். எட்டுப் பெட்டிகளை வரிசையாக நிறுத்தினால் பலகை முடிந்துவிடும். எஞ்சினுக்கு இடம் இராது.

வளைவின் கணக்கு இதனினும் இரங்கத்தக்கது. நான்கடி அகலத்தில் வண்டி திரும்பி வரவேண்டுமாயின் வளைவின் ஆரம் 18 அங்குலம். மிகினும் 22 அங்குலத்தைத் தாண்டாது. 18 அங்குலம் மெய்ப்பாதையில் 130 அடியாகும். நெடும்பெட்டிகள் ஓடும் பெரும்பாதையில் அத்துணைக் கூரிய வளைவு இராது. அன்றியும், பெட்டி வளைவிற் செல்லும்போது அதன் முனைகள் வெளிப்புறமாகத் துருத்தி நிற்கும். இடப்புறம் வளைந்த பாதை உடனே வலப்புறம் வளையுமாயின், அடுத்தடுத்த பெட்டிகளின் முனைகள் எதிரெதிராக விலகி, இணைப்பு பக்கவாட்டில் இழுத்து, பெட்டி தடம்புரளும். இதற்கு மருந்து எளிது: இரு வளைவுகட்கும் நடுவே, மிக நீண்ட பெட்டியின் நீளத்திற்குக் குறையாத நேர்ப்பாதை வேண்டும். மருந்து எளிதேயாயினும் அதனை வைக்க இடம் எங்கே?

ஒரு பாதையைப் பாலமிட்டு மற்றொன்றன்மேற் கடத்த வேண்டும் என்பது புதியோர்தம் பேராசை. கீழ்ச்செல்லும் வண்டியின் உயரத்திற்கும் பாலத்தின் கனத்திற்குமாக 4 அங்குலம் ஏறவேண்டும். 100க்கு 2 என்னும் ஏற்றத்தில் அதற்கு 200 அங்குலம், அஃதாவது 16 அடி 8 அங்குலம் ஓடவேண்டும். இப்பலகையில் 18 அங்குல ஆரத்தோடு இடும் நீள்வட்டமோ முழுச் சுற்றும் 19 அடிக்குச் சிறிது குறைவு. ஏறி முடியும்போது சுற்றும் ஏறக்குறைய முடிந்துவிடும், இறங்கவோ இடமில்லை. ஏற்றத்தை 100க்கு 4 ஆக்கினால் வழி பாதியாகும். ஆனால் சிறிய எஞ்சின் சில பெட்டிகளுக்குமேல் இழுக்கமாட்டாது.

இத்தனைக்கும் பின்னர் எஞ்சுவது யாது என்று நண்பர்கள் வினவலாம். விடையை எமக்கு உணர்த்தியவர் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துப் பிராங்க் எலிசன் என்பார். 1944இல் 'மாடல் ரெயில்ரோடர்' என்னும் அமெரிக்க இதழில் எழுதிய கட்டுரைகளில், சிறு இருப்புப்பாதையை அவர் ஒரு நாடகமேடைக்கு ஒப்பிட்டார். பாதை மேடை, வண்டிகள் நடிகர். இவ்வுவமையைச் சற்றே நீட்டிப் பார்ப்போமாயின், மேடையை எவ்வளவு அகலமாகக் கட்டுவது என்பது பின்னர் எழும் கேள்வி. நடிகர் எதன்பொருட்டு உள்ளே வருகின்றனர் என்பதே முதற்கேள்வி. கூட்ஸ் வண்டி இவ்வூருக்கு ஏன் வருகின்றது? எந்த வேகனை விட்டுச் செல்கின்றது, எதனை எடுத்துச் செல்கின்றது? இதற்கு விடை காணாமல் வரையும் கோடெல்லாம் வெறுங்கோடேயாம்.

இங்ஙனம் வேலையினின்று பிறந்த வரைபடங்களுள் மிகச் சிறியதும் மிகச் சிறந்ததும் 'இங்கிள்நுக் ஸைடிங்ஸ்' என்பது எம் துணிபு. இங்கிலாந்தின் வடபால், ஆனிக்–கார்ன்ஹில் கிளைப்பாதையில் இருந்த கில்ஹாம் ஸைடிங்குகளை மனத்திற்கொண்டு ஆலன் ரைட் என்பார் இதனை வகுத்தார். உள்வரும் பாதை ஒன்று. இரண்டு பாயிண்டுகளால் அது மூன்றாகப் பிரிகின்றது. நீண்ட ஸைடிங்கில் சரியாக ஐந்து வேகன் நிற்கும். மற்றை இரண்டிலும் மும்மூன்று. உள்வரும் பாதையில் எஞ்சினும் மூன்று வேகனும் நிற்கலாம். அதற்குமேல் ஒன்றுகூட நில்லாது. வேகன்கள் மொத்தம் எட்டு. திருவுளச்சீட்டு எடுத்து ஐந்து வேகன்களைத் தெரிந்து, அவை வந்த முறையே நீண்ட ஸைடிங்கில் நிரல்படக் கோத்து நிறுத்தவேண்டும். எட்டு, ஏழு, ஆறு, ஐந்து, நான்கு இவற்றைப் பெருக்கின் 6,720 வரும். அத்தனை வெவ்வேறு வண்டிகளை இதிற் கோக்கலாம். பிரிட்டனின் பழைய குறுவேகன்களாயின் நான்கைந்து அடி நீளமும் ஓரடி அகலமும் உள்ள சுவர்ப்பலகை போதும்.

ஸைடிங்குகளை இன்னும் நீட்டினால் நலமன்றோ எனின், அன்று. இடம் மிகின் வேகன்களை எங்கேனும் ஒதுக்கிவிடலாம். அறிவுக்கு வேலை இராது. குறள்வெண்பாவிற்கு ஏழு சீர் போதாதென்று எட்டாம் சீர் சேர்ப்பாரும் உண்டோ? ஈண்டும் எண்ணே வரைபடத்தின் உயிர். ஆதலின் பாதையை அங்குலத்தாலன்றி வேகனால் அளக்கவேண்டும்.

அங்ஙனம் அளப்பதிலும் ஓர் இடர் உண்டு. பாயிண்டினின்று பிரியும் இரு பாதைகளும் சிறிது தூரம் நெருங்கியே செல்லும். அங்கே ஒரு வேகன் நிற்குமாயின் அடுத்த பாதையில் வருவது அதன்மேல் உராயும். எனவே ஸைடிங்கின் நீளத்தைப் பாயிண்டிலிருந்து எண்ணலாகாது; இரு வேகன்கள் ஒன்றையொன்று தீண்டாமல் அருகருகே நிற்கும் இடத்திலிருந்தே எண்ணவேண்டும். நான்காம் எண் பாயிண்டிற் பாதைகள் நான்கு அங்குலத்திற்கு ஓரங்குலம் வீதம் விலகும். இரண்டு அங்குலம் விலக எட்டு அங்குலம் வேண்டும். 40 அடி வேகன் எச்.ஓ. அளவில் ஐந்தரை அங்குலமே. ஆகவே ஏறக்குறைய ஒன்றரை வேகனின் இடம் வீணாகும். தாளில் ஐந்துக்கு இடமிருக்க, பலகையில் நான்கே நிற்கும் மருமம் இதுதான்.

இதற்குச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. பாயிண்டுகளையும் பாதைகளையும் முழு அளவிற் காகிதத்தில் வெட்டிப் பலகைமேற் பரப்பி, மெய்யான வேகன்களை இணைப்பு மாட்டி அவற்றின்மேல் நிறுத்துக. ஐந்தாம் வேகனின் பின்முனை அடுத்த பாதையின் வேகனைத் தீண்டாது நிற்குமாயின், அதன்பின் ஆணி அடிக்கலாம்.