பணியிடச் சிரிப்பின் நன்மையும் எல்லையும்: "சும்மா சொன்னேன்" என்பதற்குச் சட்டம் தரும் விடை

பணியிடத்தில் எழும் சிரிப்பைத் தனிமனிதரின் சுபாவம் சார்ந்த சிறு விஷயமாகக் கருதி, ஒருவரைக் கலகலப்பானவர் என்றும் இன்னொருவரை உம்மணாமூஞ்சி என்றும் சொல்லி முடித்துவிடுவதே பொதுவழக்கு. சிரிப்பை முறையாக ஆராய்ந்தவர்கள் கண்டது இதற்கு மாறானது. அமெரிக்க நரம்பியல் அறிஞர் ராபர்ட் புரொவைன் பொது இடங்களில் மக்கள் இயல்பாகப் பேசிக்கொள்வதை ஒதுங்கி நின்று கவனித்துப் பதிவு செய்தபோது, சிரிப்புக்கு முன் சொல்லப்பட்ட பேச்சில் பெரும்பாலானவற்றில் நகைச்சுவை என்று சொல்லத்தக்க எதுவும் இருக்கவில்லை என்பது தெரியவந்தது; தனித்திருப்பவரைவிடக் கூட்டத்தில் இருப்பவர் ஏறத்தாழ 30 மடங்கு கூடுதலாகச் சிரிக்கிறார் என்பதை அவரது இன்னோர் ஆய்வு காட்டியது. அதாவது, சிரிப்பு முதன்மையாக மனிதர்களுக்கு இடையிலான உறவைக் குறிக்கும் சைகை. பணியிடத்தில் அந்த உறவு சமமானதாக இருப்பது அரிது என்பதால், அங்கே எழும் சிரிப்புக்கு நன்மை, ஆபத்து, உரிமை ஆகிய மூன்று முகங்களும் உண்டு.

உடலுக்கு அது செய்யும் நன்மைக்குச் சான்று இருக்கிறது. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் ராபின் டன்பார் குழுவினர், குளிரூட்டிய உறையைக் கையில் போர்த்தியும் ரத்த அழுத்தப் பட்டையை இறுக்கியும் மனிதர்கள் எவ்வளவு நேரம் வலி பொறுக்கிறார்கள் என்று அளந்தபோது, நகைச்சுவைக் காட்சிகளைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தவர்களின் வலி தாங்கும் அளவு கூடியிருந்தது. உடலே சுரக்கும் இயற்கை வலிநிவாரணியான எண்டார்ஃபின் இதற்குக் காரணம் என்று அவர்கள் கருதினர். வாய்விட்டுச் சிரித்தால் நோய்விட்டுப் போகும் என்னும் பழமொழி சொல்லும் அளவுக்குச் சிரிப்பு மருந்தாவதில்லை. சர்க்கரை நோயும் முதுகுவலியும் சிரித்துத் தீர்வன அல்ல. ஆனால், தீராத வேலையைத் தாங்கும் தெம்பைச் சிரிப்பு தருகிறது என்பது பெரிய விஷயம்.

எப்படித் தருகிறது என்பதைச் சமூகவியலாளர் டொனால்ட் ராய் 1959-60இல் வெளியிட்ட ஆய்வைப் போலத் துல்லியமாகக் காட்டுபவை குறைவு. அவர் சிகாகோவின் தொழிற்கூடம் ஒன்றில் அச்சுவெட்டு இயந்திரம் இயக்கும் தொழிலாளியாகவே சேர்ந்து, நாள் முழுதும் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும் சிறு குழுவில் ஒருவராக இருந்து கவனித்தார். நாளொன்றுக்கு 12 மணி நேரம், வாரத்துக்கு 6 நாள் நீண்ட அந்த வேலையை அவர்கள் விளையாட்டுகளால் துண்டு துண்டாக நறுக்கி வைத்திருந்தனர். சாமி என்பவர் தினமும் தன் சாப்பாட்டுப் பெட்டியில் ஒரு வாழைப்பழம் கொண்டுவருவார்; ஐக் என்பவர் அதைத் திருட்டுத்தனமாக எடுத்து, "வாழைப்பழ நேரம்!" என்று கூவிக்கொண்டே தின்றுவிடுவார், சாமி கத்துவார், மூத்தவரான ஜார்ஜ், ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று சில நேரம் சாமியையே கண்டிப்பார். மறுநாளும் இதுவே நடக்கும். சாமி தன் பழத்தைத் தின்றதே இல்லை. ஆனால் கொண்டுவருவதையும் நிறுத்தவில்லை. பழத்தைப் பறிகொடுப்பது அந்த நாளின் நடுவே அவர்கள் நட்டுவைத்த மைல்கல். அலுப்பு என்னும் மிருகத்தை அந்த மனிதர்கள் அப்படித்தான் கட்டிப்போட்டனர்.

அதே ஆய்வு இன்னொன்றையும் பதிவு செய்திருக்கிறது. ஜார்ஜின் சம்பந்தி ஒரு கல்லூரிப் பேராசிரியர். அந்த உறவைப் பற்றி அவர் பேசும்போது மட்டும் மற்றவர்கள் மரியாதையோடு கேட்பார்கள். ஒரு நாள் ராய், அந்தப் பேராசிரியர் முடிதிருத்தும் பயிற்சிப் பள்ளியில் பாடம் நடத்துவதைப் பார்த்ததாக ஒரு கேலியைக் கிளப்பிவிட்டார். அந்தத் தொழிலில் இழிவேதும் இல்லை. கேலி குறிவைத்தது ஜார்ஜ் பெருமையாக வைத்திருந்த ஒன்றே ஒன்றை. ஜார்ஜ் பேச்சை நிறுத்தினார், ஏறக்குறைய இரண்டு வாரம் அந்த அறையில் வாழைப்பழ நேரமும் இல்லை, வேறு விளையாட்டும் இல்லை. நான்கு பேரைப் பிணைத்த அதே கருவி, ஒரு வாக்கியத்தில் அவர்களைப் பிரித்தது. சாமியால் தினமும் கத்தி எதிர்க்க முடிந்தது, அவர் விளையாட்டுக்குள் இருந்தார்; ஜார்ஜுக்குத் திருப்பி அடிக்க எதுவும் இருக்கவில்லை. பணியிட நகைச்சுவையைப் பிரித்தறிய, கேலிக்கு ஆளானவரால் திருப்பி அடிக்க முடிகிறதா என்பதைவிடத் தெளிவான அளவுகோல் தேவையில்லை.

தமிழ் இலக்கண மரபு இந்த வேறுபாட்டை நெடுங்காலமாக அறிந்திருந்தது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், நகை என்னும் உணர்வு பிறக்கும் நிலைக்களன்களாகச் சொல்லும் நான்கில் முதலாவது எள்ளல், அதாவது பிறரை இகழ்தல். இளமையும் பேதைமையும் மடமும் அதற்குப் பின்னரே வருகின்றன. கனடிய உளவியலாளர் ராட் மார்ட்டின் 2003இல் தம் குழுவினரோடு வகுத்த அளவீடும் நகைச்சுவையை நான்காகப் பிரிக்கிறது: உறவை வளர்ப்பது, தன்னைத் தேற்றிக்கொள்வது, பிறரைத் தாக்குவது, பிறர் சிரிக்கவேண்டும் என்பதற்காகத் தன்னையே தாழ்த்திக்கொள்வது. முதல் இரண்டும் மனநலத்தோடும் பின் இரண்டும் மனச்சோர்வு, பகைமை போன்றவற்றோடும் தொடர்புடையவை என்பது அந்த ஆய்வுகளின் பொதுவான முடிவு. சிரிப்பு நல்லது என்று பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரை இந்தப் பிரிவினையை மறைத்துவிடுகிறது.

இன்றைய தமிழகப் பணியிடங்களில் எள்ளலுக்குக் கலாய்ப்பது, ஓட்டுவது, வாருவது என்று பல பெயர்கள் உண்டு. நிறத்தையும் குள்ளத்தையும் திக்குவாயையும் வைத்துச் சூட்டிய பட்டப்பெயர் சில ஆண்டுகளில் வருகைப் பதிவேட்டுப் பெயரையே மறக்கடித்துவிடுகிறது. கூட்டத்தில் அசந்த நேரத்தில் பிடித்த முகம் வாட்ஸ்அப் ஸ்டிக்கராகிப் பணிக்குழு முழுவதும் சுற்றுகிறது. "எந்த ஊர், எந்தத் தெரு" என்ற விசாரணையில் தொடங்கிய பேச்சு சாதிக் கேலியில் முடிகிறது. எதிர்த்தால் கிடைக்கும் விடை பெரும்பாலும் ஒன்றுதான்: "சும்மா சொன்னேன், இதுக்குப் போய்..." இந்தச் சொற்றொடர் குற்றத்தைச் சொன்னவரிடமிருந்து கேட்டவருக்கு மாற்றுகிறது, சொன்னது தவறாக இல்லாமல், கேட்டவருக்குச் சிரிக்கத் தெரியாததே தவறாகிவிடுகிறது. மேலாளர் சொன்ன கேலிக்குக் கேலி செய்யப்பட்டவரே முதலில் சிரிப்பதும் வழக்கம்தான். வேலை போய்விடக் கூடாது, ஒதுக்கிவைத்துவிடக் கூடாது என்று சிரிக்கும் அந்தச் சிரிப்பைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது பெரும் அநீதி.

சட்டம் இந்த இடத்தில் பல பணியாளர்கள் நினைப்பதைவிடத் தெளிவாகப் பேசுகிறது. விசாகா வழக்கில் 1997இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறைகளைத் தொடர்ந்து, பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டம் 2013இல் இயற்றப்பட்டு அவ்வாண்டு டிசம்பர் 9 முதல் நடைமுறையில் உள்ளது. அலுவலகங்களில் இதைப் போஷ் சட்டம் என்பார்கள். பாலியல் சாயல் கொண்ட பேச்சு, ஆபாசப் படம் காட்டுதல், விரும்பத்தகாத சொல், சைகை, நடத்தை ஆகிய அனைத்தும் இதன் வரையறைக்குள் அடங்குவன. இரட்டை அர்த்த ஜோக்கும், குழுவில் பகிரப்படும் ஆபாச மீமும் இதற்கு விலக்கல்ல. வரையறையின் உயிர் "விரும்பத்தகாத" என்னும் சொல்லில் இருக்கிறது. அது சொன்னவரின் மனத்தைப் பாராமல் கேட்டவரின் நிலையைப் பார்க்கிறது. சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜனவரியில் அளித்த தீர்ப்பொன்றில், இச்சட்டம் முக்கியத்துவம் தருவது செயலுக்கே, அதைச் செய்தவரின் நோக்கத்துக்கு அன்று என்று கூறியது. அந்த வழக்கு நகைச்சுவை குறித்ததாக இல்லாவிட்டாலும், "விளையாட்டாகச் சொன்னேன்" என்னும் வாதத்துக்கும் அதுவே விடை. மேலும், பாலியல் சாயல் கொண்ட பேச்சை பாரதிய நியாய சன்ஹிதாவின் 75ஆம் பிரிவும், பெண்ணின் கண்ணியத்தைக் குலைக்கும் நோக்கிலான சொல்லையும் சைகையையும் 79ஆம் பிரிவும் தண்டனைக்குரிய குற்றங்களாக்கியுள்ளன.

பெயருக்கும் இதில் பங்குண்டு. தமிழ்நாடு 1998இல் இயற்றிய சட்டம் முதலில் "ஈவ் டீசிங்" என்னும் சொல்லையே தலைப்பில் தாங்கியிருந்தது. பின்னர் அது பெண்களைத் துன்புறுத்துதல் என்று திருத்தப்பட்டது. சீண்டல் என்று அழைக்கும்வரை விளையாட்டாகத் தோன்றியது, துன்புறுத்தல் என்று அழைத்த பிறகே குற்றமாகத் தெரிந்தது.

தீர்வு தேடும் பெண் முதலில் அறியவேண்டியது புகாரின் வழி. 10 அல்லது அதற்கு மேற்பட்டவர் பணிபுரியும் ஒவ்வோர் இடத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருக்கவேண்டும். மூத்த நிலையிலுள்ள பெண் ஒருவர் அதற்குத் தலைமை தாங்கவேண்டும், உறுப்பினர்களில் குறைந்தது பாதிப் பேர் பெண்களாகவும் ஒருவர் வெளியாளாகவும் இருக்கவேண்டும். 10 பேருக்குக் குறைவான கடை, பட்டறை போன்றவற்றில் வேலை செய்பவரும், முதலாளியே தவறிழைத்தவராக இருந்தால் எவரும், மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவை நாடலாம். வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கும் இக்குழுவே. நிகழ்வு நடந்த, அல்லது தொடர் நிகழ்வுகளில் கடைசியானது நடந்த, 3 மாதங்களுக்குள் எழுத்தில் புகார் தரவேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் நீட்டிக்கக் குழுவுக்கு அதிகாரம் உண்டு. எழுத முடியாதவருக்கு எழுத உதவுவது குழுவின் கடமை. விசாரணை 90 நாள்களில் முடியவேண்டும். அதற்கிடையே இடமாற்றமோ 3 மாதம்வரை விடுப்போ கேட்கலாம். புகாரை நிரூபிக்க முடியாமல் போனது என்பதற்காக மட்டுமே புகார்தாரர்மீது நடவடிக்கை எடுக்க முடியாது என்பதையும் சட்டம் சொல்லியிருக்கிறது. அச்சத்தால் வாய்மூடிக் கிடப்பவர்கள் இந்த ஒரு வரியை அறிந்திருந்தாலே நிலைமை பாதி மாறும். குழுவையே அமைக்காத நிறுவனத்துக்கு 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

சான்றைப் பொறுத்தவரை அலட்சியம் கூடாது. வாட்ஸ்அப் குழுவில் வந்த செய்தியை அனுப்பியவர் அழித்துவிடக்கூடும் என்பதால், அனுப்பியவரின் எண்ணும் தேதியும் நேரமும் தெரியும்படி உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பதும், மூலச் செய்தி உள்ள கைபேசியை மாற்றாமல் வைத்திருப்பதும் நல்லது. வாய்ச்சொல்லாக நடந்தவற்றை அன்றன்றே ஒரு குறிப்பேட்டில், சொன்ன சொல் மாறாமல், உடனிருந்தவர் பெயரோடு எழுதிவைக்கவேண்டும்.

உடனிருந்தவர் பெயர் சாதிக் கேலியில் உயிர்நாடி. பட்டியல் சாதியினர், பழங்குடியினர்மீதான வன்கொடுமைகளைத் தடுக்கும் 1989ஆம் ஆண்டுச் சட்டம், அச்சாதிகளையோ பழங்குடிகளையோ சேராத ஒருவர் சாதிப்பெயர் சொல்லி இகழ்வதையும் இழிவுபடுத்தும் நோக்குடன் அவமதிப்பதையும் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றமாக்கியுள்ளது. ஆனால் அது பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் நடந்திருக்கவேண்டும். அரசு அலுவலக அறை ஒன்றுக்குள் நடந்ததாகச் சொல்லப்பட்ட சாதிவசை தொடர்பான தமிழக வழக்கை, அப்போது பிறர் எவரும் உடனில்லை என்ற காரணத்தால் உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் ரத்து செய்தது. மூடிய அறைக்குள் சொன்ன சொல் குறைவாகவா சுடும்? இருப்பினும் சட்டத்தின் நிலை இதுவாதலால், யார் எதிரில் சொல்லப்பட்டது என்பதை உறுதிசெய்துகொண்டு புகார் தருவதே பயன் தரும். 14566 என்னும் தேசிய உதவி எண் இதற்கென இயங்குகிறது.

மாற்றுத்திறனாளி ஒருவரைப் பொதுப் பார்வையில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவதற்கும், 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 92ஆம் பிரிவு அதே 6 மாதம் முதல் 5 ஆண்டு வரையிலான தண்டனையை விதிக்கிறது. இந்தித் திரைப்படம் ஒன்று தொடர்பாக 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, உடற்குறை பற்றிய புரிதலை வளர்க்கும் நகைச்சுவையையும் மாற்றுத்திறனாளிகளை இழிவுபடுத்தி முடக்கும் நகைச்சுவையையும் வேறுபடுத்திக் காட்டியது. பார்வையற்ற ஊழியர் தன் அனுபவத்தைச் சொல்லிச் சிரிக்கவைப்பது முதல் வகை. அவர் தடுமாறுவதை நடித்துக்காட்டுவது இரண்டாவது. திருநர் உரிமைகளுக்கான 2019ஆம் ஆண்டுச் சட்டமும் சொல்லால் இழைக்கப்படும் கொடுமையைக் குற்றமாக ஏற்றுக்கொண்டது.

இவற்றுள் எதிலும் அடங்காத கேலிக்கு, அதாவது ஓர் ஆணின் தொந்தியையோ ஊர்வழக்குப் பேச்சையோ ஆங்கில உச்சரிப்பையோ ஆண்டுக்கணக்கில் எள்ளி நகையாடுவதற்கு, இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. இது உண்மையான குறை. நிறுவனத்தின் நடத்தை விதிகள், தொழிற்சாலையின் நிலையாணைகள் என்னும் பணி ஒழுங்கு விதிகள், தொழிற்சங்கம் ஆகியவையே அங்குள்ள வழிகள். எழுத்தில் தந்து ஒப்புகை பெற்ற புகார் பின்னாளில் எந்த நடவடிக்கைக்கும் அடிப்படையாகும். பெண்களும் பட்டியல் சாதி, பழங்குடியினரும் மாற்றுத்திறனாளிகளும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறத் தகுதியுடையவர்கள். 15100 என்னும் எண்ணில் சட்டப் பணிகள் ஆணையத்தை அழைக்கலாம்.

ஆபத்துக்கு அஞ்சிச் சிரிப்பையே தடை செய்யும் நிர்வாகங்கள் இன்னொரு பிழையைச் செய்கின்றன. ஜவுளிக் கடைத் தளத்தில் பக்கத்தில் நிற்பவரோடு பேசினால் அபராதம் என்னும் நடைமுறை, ராய் கண்ட அந்த நான்கு தொழிலாளர்களுக்கு இருந்த நிழலைக்கூடப் பறித்துவிடுகிறது. விற்பனையாளர்களுக்கு அமர இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாடு 2021இல் சட்டத் திருத்தம் செய்யும் நிலை வந்தது என்பதே அங்குள்ள இறுக்கத்தைக் காட்டும். எதிர்ப்பக்கத்தில், கட்டாயக் கொண்டாட்டங்களில் ஆடிப்பாடிக் கலகலப்பாக இருந்தே தீரவேண்டும் என்னும் நிறுவனங்களும் உள்ளன. நிறுவனத்தின் கேளிக்கைப் பண்பாட்டில் கலந்துகொள்ள மறுத்த ஊழியர் ஒருவரை அக்காரணம் காட்டி நீக்கியது செல்லாது என்று பிரான்சின் உச்ச நீதிமன்றம் 2022 நவம்பரில் தீர்ப்பளித்தது; சிரிக்க மறுப்பதும் கருத்துரிமையின் பகுதி என்பது அதன் உட்பொருள்.

உள்ளகப் புகார்க் குழு உறுப்பினர்களின் பெயர்களையும் பாலியல் துன்புறுத்தலுக்கான தண்டனையையும் அனைவரும் பார்க்கும் இடத்தில் எழுதி வைக்கவேண்டும் என்பதும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் கட்டளைதான். பணியில் இருக்கும் எவரும் நாளைக் காலை தேநீர் இடைவேளையில் தம் அலுவலக அறிவிப்புப் பலகைக்குச் சென்று அந்தத் தாள் அங்கே இருக்கிறதா என்று பார்க்கலாம். இல்லையெனில், அது ஏன் இல்லை என்று நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்கலாம்.